விளக்கு வாங்கியாச்சு, ஆடு எங்கே?

வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது காவலூர் போய்வந்து ஒரு கட்டுரை எழுதிவிடுகிறார்கள். போளூரைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறும்போது முகத்தில் அடிக்கிற குளிர், ஜமுனாமரத்தூர் டீக்கடை, சாமை வயல், இரவில் மெல்லத் திறக்கும் டோம், அப்புறம் கொத்துக் கொத்தாக நட்சத்திரங்கள். கடைசிப் பத்தியில், பிரபஞ்சத்தின் முன்னால் தான் ஒரு தூசி என்று எழுதியவர் உணர்ந்துவிடுவார். நானும் அப்படி ஒன்று எழுதினேன். நல்லவேளை, யாரும் போடவில்லை.

இந்தக் கட்டுரைகள் எதிலும் ஜெனரேட்டர் வராது. யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் வரமாட்டார். டோம் சுழல்கிற தண்டவாளத்துக்கு கிரீஸ் போடுகிறவர் வரமாட்டார். தூசி வரும், ஆனால் அது தத்துவத் தூசி. தொலைநோக்கியின் கண்ணாடிமேல் படிகிற தூசியும், அதைக் கழுவுகிற கையும் வராது. நான் பேசப்போவது அந்தத் தூசியையும் அந்தக் கையையும் பற்றித்தான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நமக்கு ஆய்வகம் கட்டத் தெரிகிறது, கருவி வாங்கத் தெரிகிறது, ரிப்பன் வெட்டத் தெரிகிறது. வாங்கியதை ஓடவைக்கத் தெரியவில்லை. பணம் இல்லாததால்தான் இப்படி என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், ஓடவைக்கிற ஆளை நாம் மனுஷனாகவே கணக்கில் எடுப்பதில்லை.

*

காவலூர் எங்கள் திருவண்ணாமலைக்கு வடமேற்கே, ஜவ்வாது மலைமேல், கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இன்றைய கணக்கில் திருப்பத்தூர் மாவட்டம். 1960களில் வேணு பாப்பு தேடிப் பிடித்த இடம். 1968இல் நம் ஆட்களே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை ஆரம்பித்தது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அப்புறம் 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறை. 1982இல் பாப்பு இறந்துவிட்டார், அது முழுமையாவதைப் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து அதற்கும் அந்த வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2014இல் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று சேர்ந்தது.

இந்தப் பத்தியை எந்தக் கையேட்டிலும் படிக்கலாம். எல்லாம் ஆரம்பித்த தேதிகள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கிற ஆயிரக்கணக்கான நாட்களில் என்ன நடந்தது? அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொலைநோக்கிக் கண்ணாடியில் ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடி இல்லை, அதன்மேல் பூசிய அலுமினியம். அந்தப் பூச்சு ஏறக்குறைய 100 நானோமீட்டர் தடிமன், அதாவது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2.34 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு நாலே கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் பெருக்கி அலுமினியத்தின் அடர்த்தியால் மறுபடி பெருக்கினால் வருகிற எடை சுமார் ஒரு கிராம். டன் கணக்கான இரும்பு, கான்கிரீட், மோட்டார், டோம், மலைப்பாதை எல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடிப்பது அந்த ஒரு கிராம் அலுமினியத்தை.

அந்த ஒரு கிராம் சும்மா இருக்காது. தூசி படியும், மகரந்தம் ஒட்டும், பூச்சி விழும். ராத்திரி ஈரப்பதம் ஏறும்போது டோமை நேரத்துக்கு மூடாவிட்டால் பனித்துளி பிடித்து அரிக்கும். அதனால் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை கண்ணாடியைக் கிரேன் போட்டுக் கழற்றி, பழைய பூச்சை ரசாயனத்தால் கரைத்து, கழுவி, துடைத்து, வெற்றிட அறைக்குள் வைத்துப் புது அலுமினியம் ஏற்ற வேண்டும். கிரேன் கயிறு ஒரு நொடி வழுக்கினால் கதை முடிந்தது. கழுவின தண்ணீரில் உப்பு இருந்தால் கறை நிற்கும். வெற்றிடப் பம்பின் எண்ணெய் பழசாக இருந்தால் பூச்சு உரியும். இதைச் செய்கிறவருக்கு வானியலில் பட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு வானியல் முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னும் சின்ன விஷயங்கள் உண்டு. பகலில் டோமுக்குள் வெப்பம் ஏறினால் இரவில் அந்தக் காற்று தளதளத்துப் படத்தைக் கலைக்கும். அதற்காகவே வெளிப்பூச்சு வெள்ளையாக இருக்க வேண்டும், சாயங்காலம் சீக்கிரமே திறந்துவைக்க வேண்டும். வடிகட்டிக் கண்ணாடியில் ஒட்டின ஒரு துகள், படத்தில் மெதுவடை மாதிரி வளையமாக விழும். மழைக்காலத்தில் ஆய்வாளர்கள் ஊருக்குப் போய்விடலாம், பராமரிப்பு ஆட்களுக்கு அப்போதுதான் நிஜமான சீசன்.

*

“இதெல்லாம் வீட்டு வேலை மாதிரி சார், அறிவியல் வேற” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். படித்தவர்தான். (வீட்டு வேலை என்றால் அற்பம் என்பது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.) அவருக்கு நான் சொன்ன பதில் இது.

1977 மார்ச் 10 அன்று இரவு யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனது. உலகத்தில் சில இடங்களிலிருந்து அதைக் கவனித்தார்கள். அதில் காவலூரும் ஒன்று. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இருந்தார்கள். கோள் நட்சத்திரத்தை மறைப்பதற்கு முன்பே, எதிர்பாராமல், நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் மங்கி மறுபடி ஏறியது. முதலில் அது யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். விமானத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் எடுத்த பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அது யுரேனஸைச் சுற்றி இருக்கும் வளையங்களின் வேலை என்று தெரிந்தது. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்ற எண்ணம் அன்றோடு உடைந்தது.

இப்போது அந்தப் பதிவை நினைத்துப் பாருங்கள். ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டென்று இறங்கி ஏறுகிறது. சில விநாடிகள்தான். மலைமேல் ஒரு கிராமம், காலம் 1977. அங்கே கோடு இறங்கினால் நமக்கு முதலில் தோன்றுவது என்ன? “கரன்ட்டு டல்லாயிடுச்சு போல.” ஒளியை அளக்கும் குழாய்க்குப் போகிற மின்னழுத்தம் கொஞ்சம் தடுமாறினாலும் கோடு இறங்கும். டோம் விளிம்பு பார்வைக்குக் குறுக்கே வந்தாலும் இறங்கும். மேகம் வந்தாலும் இறங்கும். பார்த்தது வானத்தில் நடந்ததா, ஒயரில் நடந்ததா? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால்தான் அது கண்டுபிடிப்பு. இல்லாவிட்டால் பழுது.

அந்தப் பதிலைத் தருவது ஒழுங்காக வேலைசெய்கிற ஸ்டெபிலைசர், ஒழுங்காகப் புதைத்த எர்த், வழுக்காமல் சுழல்கிற டோம். ‘எங்க கரன்ட்டை நம்பலாம்’ என்று விஞ்ஞானி சொல்ல முடிவது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பதால்தான். அது ‘வேற’ வேலையா? தரவை நம்புவது என்றால் எலெக்ட்ரீஷியனை நம்புவது. வளையத்துக்கும் வோல்டேஜுக்கும் நடுவில் நிற்கிறவர் அவர். அந்த இரவு அதோடு போய்விட்டது. “ஸ்பேர் பார்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம்” என்று சொன்னால் யுரேனஸ் காத்திருக்காது.

*

எனக்கு இந்தக் கோபம் காவலூரில் வரவில்லை. வேறோர் இடத்தில் வந்தது, பெயர் வேண்டாம். நான் எம்.எஸ்சி. படித்த காலம். துறைக்கு ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கினார்கள். சந்தனம், குங்குமம், பெரியவர் ஒருவர் வந்து சுவிட்ச் போட்டது, சுவரில் கல்வெட்டு எல்லாம் நடந்தது.

அங்கே ஓர் எலெக்ட்ரீஷியன் அண்ணன் இருந்தார். கான்ட்ராக்ட் ஆள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வேலைசெய்யாது. உப்பும் கரியும் போட்ட அந்தக் குழிகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாக் குழியிலும் அவர் ஊற்றிவிடுவார், ஒன்றைத் தவிர. அந்தக் கருவிக்கான எர்த் குழி பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருந்தது. கான்ட்ராக்ட் ஆளுக்குச் சாவி தரக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு, திருடிவிடுவார்களாம். புகார் நோட்டில் மூன்று முறை எழுதிவைத்தார். என்னிடமும் சொன்னார்: “ஒரு கொடம் தண்ணிதாம்ப்பா. நாப்பது அடி பைப்பு வாங்கிக் குடுத்தா வெளிய நின்னே ஊத்திடுவேன். எந்த தலைப்புல பில்லு போடறதுன்னு கேக்கறாங்க.”

மே மாதம் ஒரு சாயங்காலம் கோடை இடி இறங்கியது. கருவியின் போர்டு கருகிவிட்டது. விசாரணை வைத்தார்கள். “பராமரிப்புப் பணியாளரின் கவனக்குறைவு” என்று எழுதி அவரை நிறுத்தினார்கள். புகார் நோட்டை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்குப் புராஜெக்ட் மார்க் இருந்தது. இப்போது அவர் செங்கம் ரோட்டுப் பக்கம் பம்புசெட் மோட்டார் கட்டிக்கொண்டிருக்கிறார். பார்த்தால் சிரிப்பார். கருவி உறைபோட்டு மூலையில் இருக்கிறது. கல்வெட்டு மட்டும் பளபளப்பாக இருக்கிறது.

ஒரு குடம் தண்ணீருக்குத் தலைப்பு இல்லை. லட்சக்கணக்கில் கருவி வாங்கத் தலைப்பு இருந்தது. நம் நிதி ஒதுக்கீட்டின் முழு வடிவமும் இதில் இருக்கிறது. வாங்குவது மூலதனச் செலவு: பெருமை, புகைப்படம், ஆண்டறிக்கையில் பக்கம். ஓடவைப்பது தொடர்செலவு: தொல்லை, ஆடிட்டர் கேள்வி, ‘குறைக்க முடியாதா’ என்ற குறிப்பு. உத்தரவாதக் காலம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு டெண்டர். யார் குறைவாகக் கேட்டாரோ அவருக்கு வேலை. அவர் ஆட்களுக்கு யார் குறைவாகக் கொடுக்கிறாரோ அவரால்தானே அவ்வளவு குறைவாகக் கேட்க முடியும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். கருவியின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் காது ஒருவருக்கு உருவாகப் பத்து வருஷம் ஆகும். நாம் அதை ஆறு மாதத்தில் வெட்டிவிடுகிறோம்.

*

எங்கள் ஊர் ஆளாக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடமுடியாது. பராமரிப்பு என்றால் என்னவென்று தெரியாத ஜனம் இல்லை நாம்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு 2,668 அடி மலைமேல் தீபம் எரியும். அரோகரா சத்தத்தில் ஊரே அதிரும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் என்னென்ன நடந்திருக்கிறது தெரியுமா? கொப்பரையைச் சீர்செய்து, வண்ணம் பூசி, தோளில் மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஆயிரம் மீட்டர் காடாத் துணியும் சுமார் 3,500 கிலோ நெய்யும் ஏறியிருக்கின்றன. ஏற்றுகிற உரிமை பர்வதராஜகுலத்தாருடையது. அன்றோடு முடிவதில்லை, பதினோரு நாள் எரியவேண்டும், பதினோரு நாளும் நெய்யும் திரியும் பார்க்க ஆள் வேண்டும். முடிந்ததும் கொப்பரையை இறக்கி, அடியில் படிந்த மையைச் சேர்த்து, ஆருத்ரா தரிசனத்தன்று பிரசாதமாகக் கொடுப்பார்கள். மிஞ்சிய கரிக்குக்கூட ஒரு கணக்கு உண்டு.

இன்னும் பின்னால் போகலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு கொடுத்த செய்திகள் ஏராளம். விளக்கை மட்டும் கொடுத்தால் போதாது. அணையாமல் எரிய நெய்க்கு வழி வேண்டும். அதற்காக ஒரு விளக்குக்கு 90, 96 என்று ஆடுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்ற கணக்கைப் பார்க்கலாம். அந்த ஆடுகளுக்கு ஒரு பெயர்: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடாகாத ஆடு. இதில் மாயம் ஒன்றும் இல்லை. செத்ததற்கும் கிழடானதற்கும் பதிலாகக் குட்டிகள் வந்து சேரும், மந்தையின் எண்ணிக்கை குறையாது. இன்றைக்கு நிதித்துறைக்காரர்கள் தேய்மான நிதி என்று சொல்வதை இடையன் ஒருவனிடம் ஆடாக ஒப்படைத்திருக்கிறார்கள். ஏரி வெட்டினவர்கள் அதைத் தூர்வாரிக் கரை பலப்படுத்த ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் ஒதுக்கியதும் இதே புத்திதான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் விளக்கோடு ஆட்டையும் சேர்த்துக் கொடுக்கத் தெரிந்த ஊர்கள் இவை. இன்றைக்குக் கருவியைக் கொடுக்கிறோம், ஆட்டைக் கொடுப்பதில்லை.

உடனே ‘பார்த்தீர்களா நம் முன்னோர்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த ஏற்பாட்டின் அடியில் என்ன இருந்தது என்பதும் தெரிந்ததுதான். யார் நெய் கொண்டுவர வேண்டும், யார் சுமக்க வேண்டும், யார் கருவறைக்குள் போகலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. விளக்கு கொடுத்தவன் பெயர் கல்லில் பெரிதாக இருக்கிறது. திரி தூண்டின கையின் பெயரைத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. கையால் வேலைசெய்கிறவன் கீழே, சொல்லிவைக்கிறவன் மேலே. என் புகார் இதுதான்: அந்த ஏற்பாட்டில் நல்லதாக இருந்த ஆட்டை விட்டுவிட்டோம், கெட்டதாக இருந்த இளக்காரத்தைப் பத்திரமாக ஆய்வகத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம். ‘சாவி தரக்கூடாது’ என்ற உத்தரவு எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

*

எதிர்வாதங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏழை நாடு, பராமரிப்புக்குக் கொட்டினால் ஆய்வுக்கு என்ன மிஞ்சும் என்பார்கள். பணக்கார நாட்டிலும் இதே வாதம் ஓடியது. அமெரிக்காவின் போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி 1963இல் வந்தது. 305 மீட்டர் விட்டமுள்ள தட்டு, அதற்கு மேலே இரும்புக் கம்பிவடங்களில் தொங்கும் சுமார் 900 டன் மேடை. பல வருஷமாக அதன் நிதியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2017இல் மரியா புயல் அடித்தது. வடங்களின் முனையைத் துத்தநாகம் ஊற்றிப் பிடித்துவைத்திருக்கும் குவளைகளிலிருந்து கம்பி வெளியே நழுவிவருவது கண்ணால் அளக்கும் அளவுக்கு இருந்தது. அது எச்சரிக்கையாக யாருக்கும் உறைக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று ஒரு வடம் குவளையிலிருந்து உருவிக்கொண்டது. நவம்பரில் இன்னொன்று அறுந்தது. டிசம்பர் 1 காலை மொத்த மேடையும் தட்டின்மேல் விழுந்தது. 57 வருஷக் கருவி போய்விட்டது. அதில் மிச்சம்பிடித்த பணத்தில் இன்னோர் அரெசிபோ கட்டமுடியுமா?

இரண்டாவது, எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆகிவிட்டது, ஆள் எதற்கு என்பார்கள். லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். பெருமையான விஷயம்தான். ஆனால் பனியில் டோம் ஷட்டர் இறுகிக்கொண்டால் ஹொசகோட்டையிலிருந்து கை நீளாது. மேலே மூச்சு வாங்குகிற காற்றில் ஒருவர் ஏணியில் ஏறித்தான் ஆகவேண்டும். ஆய்வாளர் தள்ளிப் போகப்போக, அங்கேயே இருக்கிற ஆள் இன்னும் முக்கியமாகிறார்.

மூன்றாவது, பழைய கருவியை எதற்குக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்பார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். 1904இலிருந்து சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலான சூரியனின் நாட்குறிப்பு. உலகத்திலேயே அப்படிப்பட்ட தொகுப்புகள் மிகக் குறைவு. அதன் மதிப்பு எந்த ஒரு படத்திலும் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. பனி விலகினதும் போய் ஜன்னல் திறந்து, கண்ணாடி துடைத்து, தட்டு மாற்றி, பூஞ்சை பிடிக்காமல் அடுக்கிவைத்த கைகளின் தொடர்ச்சி அது. கருவி புதுசாக இருந்து நடுவில் பத்து வருஷம் பூட்டிக் கிடந்திருந்தால், இன்றைக்கு அது ஓட்டை விழுந்த நாட்குறிப்பு.

*

ஆகவே எனக்கு வேண்டியது மூன்று.

ஒன்று: ஆடில்லாமல் விளக்கு வாங்கக்கூடாது. எந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தாலும், அது வாழ்நாள் முழுக்க ஓடத் தேவையான பணம், உதிரிபாகம், ஆள் மூன்றும் அதே உத்தரவில் இருக்கவேண்டும். அது முடியாதென்றால் சின்னதாக வாங்குவோம்.

இரண்டு: கருவியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நிரந்தர வேலை, பயிற்சி, சாவி. சாவியைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பூட்டு யார் கையில் இருக்கிறது என்பது ஓர் ஆய்வகத்தின் சாதியைக் காட்டிவிடும்.

மூன்று: பெயர். ஆய்வுக்கட்டுரை முடிவில் நன்றி சொல்கிற இடத்தில், நிதி கொடுத்த அமைப்புக்குப் பக்கத்தில், அன்றிரவு டோமைத் திறந்தவர் பெயரும் ஜெனரேட்டர் பார்த்தவர் பெயரும் வரட்டும். சில இடங்களில் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் வழக்கமாகட்டும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது அரசாங்கத்திடம் இல்லை, இதைப் படிக்கிற உங்களிடமும் எழுதுகிற என்னிடமும். அடுத்தமுறை காவலூர் போவீர்கள். டோம் திறக்கும். மேலே பார்ப்பீர்கள், பாருங்கள், அதற்குத்தான் போகிறோம். ஆனால் ஷட்டர் மோட்டார் ஓடுகிற அந்தச் சத்தத்தையும் கொஞ்சம் கேளுங்கள். அது கரகரக்காமல் ஓடினால், கிரீஸ் போட்டது யாரென்று விசாரியுங்கள். “நல்லா ஓடுதுண்ணே” என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கட்டுரையின் முதல் பத்தியில் அவரையும் எழுதுங்கள்.

நான் அன்றைக்கு அந்த நோட்டைக் கொண்டுபோய் விசாரணை மேசைமேல் வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. புகார் எழுதின மூன்று தேதியும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.